ஹெல்சிங்கி – டோக்கியோ: தூரம் ஒன்று, நேரம் பல

ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர். 1983ஆம் ஆண்டில் இவ்விரு நகரங்களுக்கிடையே எங்கும் இறங்காமல் பறந்த விமானம் சுமார் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் அதே பயணத்துக்குச் சுமார் ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து அது மீண்டும் 13 மணி நேரத்தை எட்டியது. இந்த நாற்பது ஆண்டுகளில் விமானப் பொறிகள் சிக்கனமாயின, வழிகாட்டும் கருவிகள் துல்லியமாயின, வானிலைக் கணிப்பு நம்பத்தகுந்ததாயிற்று. ஆயினும் பயண நேரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறது. இதற்கான காரணங்களை ஆராய்வதே இச்சொற்பொழிவின் பொருள். இரு நகரங்களுக்கிடையிலான பயண நேரத்தைப் புவியின் வடிவம், காற்றின் ஓட்டம், நாடுகளின் இறையாண்மை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதும், அம்மூன்றில் முதலாவது மாறாதது, இரண்டாவது பருவத்துக்குப் பருவம் மாறுவது, மூன்றாவது ஒரே இரவில் மாறக்கூடியது என்பதும் இங்கு நிறுவப்படும்.

தூரத்தின் கணக்கு

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி ஒரு வில். கோளத்தை அதன் மையத்தின் வழியே இரு சமபாதிகளாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம், தீர்க்கரேகைகள் ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. எந்த இரு நகரங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் வழியே செல்லும் ஒரு பெருவட்டத்தை வரையலாம். அவ்வட்டத்தில் அவ்விரு நகரங்களுக்கிடையே அமையும் சிறிய வில்லின் நீளத்தையே வான்வழித் தூரம் என்று அட்டவணைகள் குறிப்பிடுகின்றன.

கணக்கிடும் முறை பள்ளிக்கூடத்து முக்கோணவியலைத் தாண்டாதது. ஹெல்சிங்கி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 60.32 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 24.96 பாகையிலும் அமைந்துள்ளது. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம் வடக்கு 35.55 பாகையிலும் கிழக்கு 139.78 பாகையிலும் அமைந்துள்ளது. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.505 கிடைக்கும். அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதனைத் தீர்க்கரேகைகளின் வேறுபாடான 114.82 பாகையின் கொசைனாலும் பெருக்கினால், அவ்வேறுபாடு 90 பாகைக்கு மேற்பட்டது என்பதால், விடை எதிர்க்குறியுடன் 0.169 என்று வரும். இரண்டையும் கூட்டினால் 0.336, இதனைக் கொசைனாகக் கொண்ட கோணம் சுமார் 70.4 பாகை. புவியின் மையத்திலிருந்து பார்த்தால் இவ்விரு நகரங்களும் அத்தனை பாகை விலகியிருக்கின்றன என்பதே இதன் பொருள். புவியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரைக் கொண்டு பார்க்கையில் ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர் வீதம் தூரம் ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர் ஆகிறது. வான்பயணத்திலும் கடற்பயணத்திலும் வழங்கும் கடல் மைல் என்ற அலகு இந்தக் கோணத்திலிருந்தே பிறந்தது; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல் என்று தொடங்கிய அந்த அலகு 1929ஆம் ஆண்டில் 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. அந்த அலகில் இத்தூரம் 4,220 கடல் மைலை ஒட்டி வரும்.

இந்த வில் செல்லும் திசை வரைபடம் பார்த்துப் பழகியவருக்கு வியப்பளிக்கக்கூடியது. சுவரில் மாட்டப்படும் மெர்க்கேட்டர் வகை உலக வரைபடத்தில் ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோடு தென்கிழக்காகச் சாய்ந்து செல்லும். அக்கோட்டின் வழியே, திசைகாட்டியில் ஒரே கோணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு பறந்தால், தூரம் சுமார் 8,760 கிலோமீட்டராகிவிடும். குறுகிய வழியோ ஹெல்சிங்கியிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றின் கீழ்ப்பகுதியை ஒட்டி ஏறத்தாழ 67 பாகை வரை ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டிப் பின்பு தெற்கு நோக்கி இறங்குகிறது. தனக்குத் தெற்கே இருக்கும் ஒரு நகரத்தை அடைய வடக்கு நோக்கிப் புறப்படுவதால் 900 கிலோமீட்டருக்கு மேல் மிச்சமாகிறது. அதே வேளையில், ஃபின்லாந்தின் எல்லையைக் கடந்தது முதல் ஜப்பான் கடலை நெருங்கும் வரை இந்த வில்லின் பெரும்பகுதி ரஷ்ய நிலப்பரப்பின் மேல் அமைகிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

புவியை அளந்த கதை

மேற்கண்ட கணக்கு புவியை முழுமையான கோளமாகக் கொண்டது, புவி அப்படிப்பட்டதன்று. நிலநடுக்கோட்டில் புவியின் ஆரம் சுமார் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் சுமார் 6,357 கிலோமீட்டர். இந்த 21 கிலோமீட்டர் வேறுபாட்டைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஹெல்சிங்கி – டோக்கியோ தூரம் ஓரிரு பத்து கிலோமீட்டர் மாறும்; வெவ்வேறு அட்டவணைகள் ஒரே இரு நகரங்களுக்கு வெவ்வேறு தூரங்களைத் தருவதற்கு இதுவும், நகரத்தின் மையத்தை எடுப்பதா விமான நிலையத்தை எடுப்பதா என்ற தேர்வும் முதன்மைக் காரணங்கள்.

புவி துருவங்களில் தட்டையானது என்பதற்கு முதல் வலுவான சான்று கிடைத்த இடங்களில் ஒன்று இன்றைய ஃபின்லாந்தின் எல்லையிலேயே இருக்கிறது. புவி துருவங்களில் தட்டையானதா, நீண்டதா என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் விவாதமாக இருந்தபோது, பிரெஞ்சு அறிவியலாளர் மோபெர்துயி தலைமையில் ஒரு குழு 1736ஆம் ஆண்டில் தோர்னியோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சென்றது. வெப்பமானியால் பெயர்பெற்ற செல்சியசும் அக்குழுவில் இருந்தார். தீர்க்கரேகையின் ஒரு பாகை நீளம் வடக்கே செல்லச் செல்லக் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதே அவர்களின் பணி. குன்றுகளின் உச்சிகளை இணைத்து முக்கோணங்களாக்கிக் கோணங்களை அளந்த பின்பு, அம்முக்கோணங்களுக்கு உண்மையான நீளம் தரவேண்டிய அடிக்கோட்டை, கடுங்குளிரில் உறைந்து கிடந்த ஆற்றின் பனித்தளத்தின் மேலேயே மரக்கோல்களைக் கிடத்தி அளந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு பாகையின் நீளம் பாரிஸ் அருகே கிடைத்ததைவிட அதிகமாக இருந்தது. ஆகவே புவி துருவங்களில் தட்டையானது என்பது உறுதியாயிற்று.

இதே வரிசையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பணியே பின்னாளில் இந்தியப் பெரு முக்கோணவியல் அளவை என்று பெயர்பெற்றது; அவரையடுத்து அப்பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட புவி வடிவ அளவுகள் தெற்காசிய வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. அந்த அடிக்கோடு அளக்கப்பட்ட நிலத்துக்கு அருகிலேயே இன்று சென்னை விமான நிலையம் இருக்கிறது. தூரம் என்று ஒரு வரியில் அச்சிடப்படும் எண் இத்தகைய அளவைப் பணிகள் பலவற்றின் கூட்டு விளைவு. ஒருமுறை சரியாக அளந்துவிட்டால் அது மாறுவதில்லை.

தூரம் நேரமாக மாறும் விதம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது கணக்கின் தொடக்கம் மட்டுமே. இத்தடத்தில் இன்று பறக்கும் ஏர்பஸ் ஏ350 போன்ற விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டளவில், அதாவது மாக் 0.85 என்ற வேகத்தில் பறக்கின்றன. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 56 பாகைக் குளிரில், அது மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர். எனவே விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்து மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் ஆகிறது. 7,830 கிலோமீட்டரை இவ்வேகத்தால் வகுத்தால் எட்டு மணி 42 நிமிடம் வரும். இதனுடன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வேகம் குறைவாக இருப்பதால் ஏற்படும் இழப்பையும், நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரத்தையும், தரையிறங்கிய பின் மீண்டும் நிறுத்துமிடம் சேரும் நேரத்தையும் கூட்டினால் ஒன்பதரை மணி நேரம் ஆகிறது. நிறுத்துமிடத்தில் சக்கரம் உருளத் தொடங்கியது முதல் மறுமுனை நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கும் வரை உள்ள நேரத்தை விமானத் துறையினர் பிளாக் நேரம் என்பர். பயணச்சீட்டில் அச்சாவது அதுவே.

இந்தக் கணக்கு காற்று அசையாமல் நிற்கும் ஓர் உலகத்துக்கு உரியது. உண்மையில் விமானம் தன் வேகத்தைக் காற்றைச் சார்ந்து பெறுகிறது, தூரத்தையோ நிலத்தைச் சார்ந்து கடக்கிறது. எனவே பின்னாலிருந்து வீசும் காற்று நேரத்தைக் குறைக்கும், எதிர்க்காற்று கூட்டும். போகும்போது லாபம் வரும்போது நட்டம், இரண்டும் சரியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசுவதாகக் கொண்டால், காற்றோடு செல்லும் விமானம் மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் ஏழு மணி 50 நிமிடத்திலும், காற்றை எதிர்த்து வரும் விமானம் 800 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது மணி 47 நிமிடத்திலும் இத்தூரத்தைக் கடக்கும். மொத்தம் 17 மணி 37 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 17 மணி 24 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்க நேர்வதால், போகும் வழியில் பெற்ற லாபத்தைவிடத் திரும்பும் வழியில் பட்ட நட்டம் எப்போதும் மிகுதியாகவே இருக்கும்.

உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் வன்மையான காற்றோட்டத்துக்குத் தாரைக்காற்று அல்லது ஜெட் காற்று என்று பெயர். வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும் புவியின் சுழற்சியும் சேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அவ்வேறுபாடு மிகுவதால் காற்றின் வலிமையும் மிகும். உலகிலேயே இக்காற்று மிக வன்மையாக வீசும் இடங்களில் ஜப்பானின் வான்பரப்பு ஒன்று. அதனை முதன்முதலில் முறையாக அளந்தவரும் ஒரு ஜப்பானியரே. டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ என்ற இடத்திலிருந்த உயர்வானிலை ஆய்வகத்தின் தலைவர் வசாபுரோ ஓயிஷி, 1920களில் சிறு பலூன்களை வானில் விட்டு, தரையிலிருந்து கருவி வழியே அவை நகரும் கோணங்களைத் தொடர்ந்து குறித்து, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வேகத்தைக் கணித்தார். குளிர்காலத்தில் ஒன்பது கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி விநாடிக்கு 70 மீட்டர் அளவில், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் மேல்காற்று வீசுவதை அவர் கண்டார். உலகத்தார் அனைவரும் படிக்கட்டும் என்ற எண்ணத்தில் 1926ஆம் ஆண்டில் அந்த முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழியை அறிந்தோர் மிகச் சிலரே என்பதால் அக்கண்டுபிடிப்பு ஜப்பானுக்கு வெளியே கவனம் பெறவில்லை. 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டோக்கியோவின் மேல் மிக உயரத்தில் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இக்காற்றில் சிக்கிக் குறி தவறிய பின்னரே அதன் வன்மை மேலைநாட்டினருக்கு நேரடியாக உறைத்தது.

ஓயிஷி அளந்த காற்று இன்றும் டோக்கியோவுக்குச் செல்லும், டோக்கியோவிலிருந்து திரும்பும் ஒவ்வொரு பறப்பின் நேரத்தையும் பாதிக்கிறது. பறப்புக்குச் சில மணி நேரம் முன்பு வெளியாகும் உயர்வானிலைக் கணிப்பைக் கொண்டு அன்றன்றைக்கு உரிய தடத்தை விமான நிறுவனத்தின் திட்டப் பிரிவினர் தேர்ந்தெடுக்கிறார்கள். தூரத்தில் குறுகிய வழி நேரத்திலும் குறுகியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வான்வெளி யாருடையது

கணிதத்தாலும் காற்றாலும் விளக்க முடியாத மீதி நேரத்தைச் சட்டமும் அரசியலுமே விளக்குகின்றன. 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தமும் அதன் வழிவந்த 1944ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தமும், தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழுமையான இறையாண்மை உண்டு என்ற கொள்கையை நிறுவின. நடுக்கடலின் மேல் எவரும் பறக்கலாம். ஒரு நாட்டின் மேல் பறக்க அந்நாட்டின் இசைவு வேண்டும். சிகாகோவில் இதனுடன் உருவான இன்னொரு உடன்பாடு, அதில் சேர்ந்த நாடுகள் தம்முள் ஒருவர் வான்வெளியில் மற்றவரின் பயணிகள் விமானங்கள் இறங்காமல் கடந்து செல்லவும், எரிபொருள் நிரப்ப இறங்கவும் உரிமை அளித்தது. சோவியத் ஒன்றியம் சிகாகோ மாநாட்டில் கலந்துகொள்ளவில்லை. கடப்புரிமை உடன்பாட்டில் அது சேரவுமில்லை, அதன் வழித்தோன்றலான ரஷ்யாவும் சேரவில்லை. ஆகவே ஐரோப்பாவுக்கும் வடகிழக்கு ஆசியாவுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பேரம் பேசிப் பெறவேண்டிய சலுகையாகவே எக்காலத்திலும் இருந்துவந்திருக்கிறது.

பனிப்போர்க் காலத்தில் அவ்வழி மேலை விமானங்களுக்குப் பெரிதும் அடைபட்டிருந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் கூட்டு நிறுவனமான எஸ்ஏஎஸ் 1957ஆம் ஆண்டில் கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பி, டோக்கியோ செல்லும் சேவையைத் தொடங்கியது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் ஐரோப்பா – ஜப்பான் பயணங்களுக்கு ஆங்கரேஜ் ஒரு முக்கிய இடைத்தங்கலாக விளங்கியது. 1967ஆம் ஆண்டில் ஜப்பான் ஏர்லைன்சும் ஏரோஃப்ளோட்டும் இணைந்து மாஸ்கோ – டோக்கியோ சேவையைத் தொடங்கியபோது சைபீரியாவின் கதவு ஓரளவு திறந்தது.

அடைபட்ட வான்வெளியின் விளிம்பில் பறப்பது ஆபத்தற்றதாக இருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிசிலிருந்து ஆங்கரேஜ் வழியே சியோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம் ஒன்று துருவப் பகுதியில் வழி தவறித் திசைமாறி, சோவியத் ஒன்றியத்தின் வடமேற்குப் பகுதிக்குள் நுழைந்து, போர் விமானத்தால் சுடப்பட்டு, உறைந்த ஏரியின் மேல் இறங்க நேர்ந்தது. பயணிகளில் இருவர் உயிரிழந்தனர். 1983ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குச் சென்ற மற்றொரு கொரிய விமானம் தடம் விலகிச் சகாலின் தீவை ஒட்டிச் சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். அதன் விளைவாக, பறக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற பிரிவு 1984ஆம் ஆண்டில் சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டது; ஜிபிஎஸ் வசதி உலகின் பயணிகள் விமானங்களுக்கும் கிடைக்கும் என்ற அமெரிக்க அறிவிப்பும் அந்தத் துயரத்தை ஒட்டியே வெளிவந்தது.

இந்தச் சூழலில்தான் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹெல்சிங்கி – டோக்கியோ இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்திய டிசி-10 விமானம் வட துருவத்தின் மேல் ஏறி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே உள்ள பெரிங் நீரிணையின் வழியே பசிபிக் கடலுக்குள் இறங்கி, சோவியத் நிலத்தை முற்றிலும் சுற்றிக்கொண்டு டோக்கியோவை அடைந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து எங்கும் இறங்காமல் ஜப்பானை எட்டிய முதல் சேவை அதுவே. 1980களின் பிற்பாதியில் சோவியத் வான்வெளி படிப்படியாகத் திறந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் கடப்புக் கட்டணம் செலுத்திச் சைபீரியாவின் மேல் நேராகப் பறக்கத் தொடங்கின. பயணம் ஒன்பதரை, பத்து மணி நேரமாகச் சுருங்கியது.

மீண்டும் துருவ வழி

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா ஃபின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மார்ச் மாதத்தில் ஃபின்ஏர் டோக்கியோ சேவையை மீண்டும் தொடங்கியபோது அதற்கு எஞ்சியிருந்தவை இரண்டு வழிகள். வடக்கு வழி, நார்வேயையும் ஸ்வால்பார்டு தீவுகளையும் கடந்து, வட துருவப் பகுதியின் மேல் சென்று அலாஸ்காவின் பக்கமாக இறங்குவது. தெற்கு வழி, பால்டிக் நாடுகள், போலந்து, ருமேனியா, பல்கேரியா, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், நடு ஆசிய நாடுகள், சீனா, கொரியா என்று வரிசையாகப் பல நாடுகளைக் கடந்து செல்வது.

இவ்வழிகளின் நீளத்தை முன்பு கண்ட கணக்கைக் கொண்டே மதிப்பிடலாம். ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கு 3,300 கிலோமீட்டர்; துருவத்திலிருந்து பெரிங் நீரிணைக்கு ஏறத்தாழ 2,700; அங்கிருந்து டோக்கியோவுக்கு நேர் வில்லாக 4,700. ஆக மொத்தம் 10,700 கிலோமீட்டர். அந்தக் கடைசி வில் ரஷ்யாவின் தூரகிழக்கு வான்வெளிக்குள் நுழைந்துவிடும் என்பதால் அதனைக் கிழக்கே கடலுக்குள் விலக்க வேண்டும். தூரம் இன்னும் கூடும். தெற்கு வழியும் 11,000 கிலோமீட்டரைத் தாண்டுவதே. ஆயினும் காற்று இரண்டையும் வேறுபடுத்துகிறது. டோக்கியோ நோக்கிச் செல்கையில் தெற்கு வழியில் தாரைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்புகையில் அதே காற்றை எதிர்த்து நெடுநேரம் பறப்பதைவிடத் துருவத்தின் மேல் செல்வது நன்று. ஆதலால் போவது தெற்கே, வருவது வடக்கே என்பது பெரும்பாலான நாள்களின் வழக்கமாயிற்று.

துருவ வழிக்கென்று தனித் தேவைகள் உண்டு. விமான எரிபொருளான ஜெட் ஏ-1 உறைநிலைக்குக் கீழே 47 பாகையில் கெட்டியாகத் தொடங்கும். வெளிக்காற்று அதனைவிடக் குளிர்ந்திருக்கும்போது இறக்கைத் தொட்டிகளில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கவனித்து, தேவைப்பட்டால் சற்றுத் தாழ்ந்தோ வேகத்தைக் கூட்டியோ பறக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலையாக நிற்பதுபோலத் தோன்றும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 81 பாகைக்கு வடக்கே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடுவதால் அங்கே வேறு வகைத் தொடர்பு தேவைப்படுகிறது. காந்தத் திசைகாட்டி நம்பகமற்றதாகிவிடும். இவற்றோடு, இரு பொறி விமானம் ஒரு பொறி நின்றுபோனால் எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற விதி ஒன்றும் உண்டு. 1985ஆம் ஆண்டில் இந்த வரம்பு 120 நிமிடமாகத் தளர்த்தப்பட்டது. 1983இன் டிசி-10 மூன்று பொறிகள் கொண்டது என்பதால் அவ்விதி அதனைக் கட்டுப்படுத்தவில்லை. 2014ஆம் ஆண்டில் ஏ350 வகைக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 370 நிமிடம் வரை ஒப்புதல் அளித்தது. நாற்பது ஆண்டுக்கால முன்னேற்றம் எங்கே வெளிப்படுகிறது என்று கேட்டால், மூன்று பொறிகளால் செய்ததை இரண்டு பொறிகளால் செய்ய முடிவதில் வெளிப்படுகிறது, நேரத்தில் வெளிப்படவில்லை.

மூன்றரை மணி நேரத்தின் விலை

கூடுதலான மூன்றரை மணி நேரம் பயணிக்கு அலுப்பு. நிறுவனத்துக்கோ அதன் தொழில்முறையின் அடிப்படையே ஆட்டம் காண்பது. ஐரோப்பாவிலிருந்து வடகிழக்கு ஆசியாவுக்குச் செல்லும் குறுகிய வழியில் ஹெல்சிங்கி அமைந்திருப்பதை ஃபின்ஏர் தன் முதலீடாகக் கொண்டிருந்தது. போக ஒன்பதரை மணி, வரப் பத்து மணி, இடையில் விமானத்தைத் துப்புரவாக்கி எரிபொருள் நிரப்ப ஓரிரு மணி என்று பார்த்தால், ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ சென்று திரும்பி, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் புறப்படலாம். பறப்பு ஒருவழிக்கு 13 மணி ஆகும்போது, போக்குவரத்துக்கு மட்டும் 26 மணி நேரமாகிவிடுவதால் அந்த ஒழுங்கு குலைகிறது. தினசரிச் சேவைக்கு ஒரு விமானம் போதாது. நீண்ட பறப்புக்குக் கூடுதல் விமானிகள் வேண்டும். எரிபொருள் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாகச் செலவாகும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே ஒரு பகுதி எரிபொருள் செலவாகும் என்பதும், அதன் எடைக்கு ஈடாகச் சரக்கைக் குறைக்க வேண்டும் என்பதும் இதனுள் அடங்கும். இதே காலத்தில் சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி திறந்தே இருந்ததால், இரு நாட்டு நிறுவனங்கள் ஒரே கண்டங்களுக்கிடையே வெவ்வேறு தூரங்களைப் பறக்கும் நிலை உண்டாயிற்று.

கடிகாரம் காட்டும் நேரம்

பயணச்சீட்டில் அச்சாகும் புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரத்தைச் சார்ந்தவை. டோக்கியோவின் கடிகாரம் ஹெல்சிங்கியின் கடிகாரத்தைவிடக் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் முந்தியிருக்கும். ஃபின்லாந்து கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதும் ஜப்பான் அவ்வாறு செய்யாததும் இம்மாற்றத்துக்குக் காரணம். குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் மாலை 5.30க்குப் புறப்பட்டு 13 மணி நேரம் பறக்கும் விமானம் டோக்கியோவில் மறுநாள் பிற்பகல் 1.30க்கு இறங்கும், கடிகாரங்களை மட்டும் பார்த்தால் 20 மணி நேரம் போலத் தோன்றும். டோக்கியோவில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு அதே 13 மணி நேரம் பறக்கும் விமானம் ஹெல்சிங்கியில் அதிகாலை 4 மணிக்கே சேர்ந்துவிடும். தோற்றத்தில் ஆறே மணி நேரம். வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டு நேரத்தைக் கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொள்வதே முறை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான 7,830 கிலோமீட்டரைக் காற்று இல்லாத வானில் கடக்க ஒன்பதரை மணி நேரம் தேவை. பருவத்துக்குப் பருவம் மாறும் காற்றும் பறக்கும் திசையும் அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அதற்கு மேற்பட்ட மூன்றரை மணி நேரம் முழுவதும் நாடுகளுக்கிடையிலான உறவின் கணக்கில் வைக்கவேண்டியது. தொழில்நுட்பம் இந்த மூன்றாம் பகுதியைத் தாங்கிக்கொள்ள வழிசெய்யுமே தவிர, நீக்கவல்லது அன்று; 1980களில் அதனை நீக்கியதும், 2022இல் திரும்பக் கொண்டுவந்ததும் அரசுகளின் முடிவுகளே.

எனவே இரு நகரங்களுக்கிடையிலான தூரத்தையும் பயண நேரத்தையும் ஒரே வரியில், ஒரே உறுதியுடன் தருவது பொருந்தாது. தூரத்துக்கு ஆண்டு தேவையில்லை, நேரத்துக்குத் தேவை. பாடநூல் எழுதுவோரும் பயண அட்டவணை தொகுப்போரும் பறப்பு நேரத்தைக் குறிப்பிடும் இடமெல்லாம் அது எந்த ஆண்டுக்குரியது, எந்தத் திசைக்குரியது, எந்த வழியைச் சார்ந்தது என்ற மூன்றையும் உடன் குறிப்பிட வேண்டும்.